குதிகாலில் ஒட்டிய டேப்பு

அன்புள்ள அப்புவுக்கு,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் புதுக் கடையைப் பார்க்க வத்தலக்குண்டுக்கு வந்தவள், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து பஸ் ஏறிவிட்டேன் என்று உனக்கு வருத்தம். அன்றிலிருந்து தினமும் போன் செய்து என்ன கோபம் என்று கேட்கிறாய். போனில் நான் ஒரு பேச்சு முடிப்பதற்குள் உன்னை யாராவது கூப்பிடுவார்கள், நீயும் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, உன் கால்களைப் பார்த்துக்கொண்டே படி.

உன் மாமனார் நினைப்பது போல, திறப்பு விழா அழைப்பிதழில் எங்கள் பெயர் அவர்கள் பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காக நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பெயர் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன. தலைவலி என்று உன் மனைவியிடம் சொன்னதும் பொய். உன் கடையில் பட்டுச் சேலைப் பகுதியில் வேலைக்கு எடுத்திருக்கிறாயே ஜெயந்தி, நத்தம் பக்கத்துப் பெண், அவளுடைய குதிகாலில் கண்ணாடி டேப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு அந்தக் கடையில் உட்கார முடியவில்லை.

நடந்ததை உனக்கு நினைவூட்டுகிறேன். நீ என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாய். பஸ் ஸ்டாண்டைப் பார்த்த வாசல், கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்காக ஸ்வெட்டர் தொங்கும் கண்ணாடி, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு எடுத்த பெண்கள் சரக்கைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் கண் போன இடத்தில் எல்லாம் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு நின்றார்கள். வாடிக்கையாளர்கள் செருப்போடு வரலாம், அதுதான் இந்தக் காலத்து ஷோரூம் வழக்கம் என்று உன் மாமனார் விளக்கினார். வேலை செய்கிற பெண்களின் செருப்புகளோ பின்வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. ஏன் என்று கேட்டேன். கடை முழுக்கச் செருப்புச் சத்தம் கேட்டால் நன்றாக இருக்காதாம், டைல்ஸில் கோடு விழுமாம். வாடிக்கையாளரின் செருப்பில் விழாத கோடு, நாளெல்லாம் நிற்கிறவளின் ரப்பர் செருப்பில் மட்டும் எப்படி விழும் என்று எனக்குப் புரியவில்லை. நான் படிக்காதவள் இல்லை அப்பு, அப்படியும் புரியவில்லை.

அப்புறம் என் முழங்கால் வலி நினைவுக்கு வந்து நீ பதறினாய். அம்மா நிக்கிறாங்க, சேர் கொண்டாங்க என்று சத்தம் போட்டாய். குஷன் வைத்த நாற்காலி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் ஜெயந்தி. குனிந்து அதை எனக்குப் பின்னால் வைக்கும்போதுதான் அவள் குதிகாலைப் பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்திருந்த குதிகாலைச் சுற்றி, சட்டைப் பெட்டிக்கு ஒட்டுகிற டேப்பு. நீ போன் பேச நகர்ந்ததும் மெல்லக் கேட்டேன்.

"என்னத்தா, கால்ல டேப்பு?"

"பட்டுல நூலு இழுத்துருதும்மா. அதுக்காவ ஒட்டிக்கிறது. சாருகிட்டச் சொல்லிராதீங்க, உள்பாவாடைப் பக்கம் மாத்திருவாரு."

சாரு என்று அவள் சொன்னது உன்னை. அந்தக் குஷன் எனக்கு முள்ளாகக் குத்தியது. எழுந்தேன், வந்துவிட்டேன்.

அந்த வெடிப்பு உன் கடையில் வந்தது இல்லை, நீ இன்னும் கடையே திறக்கவில்லை என்று சொல்வாய். சரிதான். அவள் இதற்கு முன்னால் நின்ற கடைகளில் வாங்கி வந்தது அது. ஆனால் டேப்பு ஒட்டிக்கொண்டால்தான் உன் கடையில் பிழைக்கலாம் என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அந்தப் பளபளப்பும் பின்வாசல் அட்டைப்பெட்டியும் சொல்லிவிட்டன. அந்தப் பாஷை எனக்கும் தெரியும், ஏனென்றால் நானும் அதே டேப்பை ஒட்டிக்கொண்டவள். நீயும் அதை உன் கையால் உரித்துவிட்டவன். மறந்துவிட்டாயா என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ மூன்றாவது படிக்கும்போது அப்பாவின் பூட்டுப் பட்டறையில் வேலை குறைந்தது. அப்போது நாம் அகரத்தில் இருந்தோம். நான் திண்டுக்கல் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனேன். அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது இருந்த இடத்தில் வேறு என்னமோ இருக்கிறது. காலையில் பின்வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு சாக்குக்குள் போட வேண்டும். அதற்கு அங்கே சொன்ன காரணம் வேறு, கடைக்குள் லட்சுமி இருக்கிறாள் என்றார்கள். அங்கே வாடிக்கையாளரும் செருப்பைக் கழற்றித்தான் வந்தார்கள், அந்த மட்டில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் சேலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் விளக்கு அணைக்கிற வரைக்கும் மொசைக் தரையில் நிற்க வேண்டும். ஆள் இல்லாத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது, அலமாரியில் கை ஊன்றக் கூடாது. உட்காருவது என்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும், குடோனில் துணிக் கட்டுகள் மேலே. செத்த நேரம் சேர்த்து உட்கார்ந்துவிட்டால் சூப்பர்வைசர் வந்து நின்று தொண்டையைச் செருமுவார்.

முதலில் குதிகால் தோல் தடித்து மஞ்சளாக ஆனது. தொட்டால் உணர்வே இருக்காது. நல்லதுதானே, வலி தெரியாது என்று இருந்துவிட்டேன். பனி மாதம் வந்ததும் அந்தத் தடித்த தோல் நெடுக்கக் கோடு விட்டு, பிறகு பிளந்தது. பஸ் படியில் கால் வைத்தால் உயிர் போகும். பெருவிரலுக்குக் கீழே ஒரு கால் ஆணியும் சேர்ந்துகொண்டது. நம் தெருவில் வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. எல்லாருக்கும் அது பித்தவெடிப்பு. பித்தம் ஏறிப்போச்சு, கத்தரிக்காய் சேர்க்காதே, சீரகத் தண்ணி குடி, தலைக்கு நல்லெண்ணெய் வை. நானும் எல்லாம் செய்தேன். கத்தரிக்காயை விட்டதில் உங்கள் அப்பாவுக்கு வெஞ்சனம் ருசியில்லாமல் போனதுதான் மிச்சம். எனக்குப் பித்தம் ஒன்றும் ஏறவில்லை அப்பு. என் உடம்பின் கனம் முழுவதும் கல்தரையில் வெறுங்காலில் நின்றது. தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடித்தது. தடித்த தோலுக்கு வளையத் தெரியாது, அதனால் வெடித்தது. இதில் கத்தரிக்காய் என்ன பாவம் செய்தது? நிற்கவைத்த ஆளை விட்டுவிட்டு நிற்கிறவளின் பித்தத்தைக் குற்றம் சொல்ல இந்த ஊருக்கு எவ்வளவு எளிதாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நம் கால் வைத்தியம் ஆரம்பிக்கும். அகலமான அலுமினியச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கை கல் உப்பு. கொதிக்கிற தண்ணீர் இல்லை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. தோல் ஊறி வெள்ளையாகும் வரை காலை அதில் வைத்துக்கொண்டு உன் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பேன். பிறகு நீ பீர்க்கங்கூட்டை எடுத்து என் குதிகாலைத் தேய்ப்பாய். முதலில் செங்கல் துண்டால் தேய்த்தாய், நான் துள்ளிவிட்டேன். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று உனக்கு வேகம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும், அடியில் இருக்கிற பச்சைத் தோல் தெரிந்துவிட்டால் முன்னைவிடத் தடியாக வளரும் என்று சொல்லிச் சொல்லி உன் கையை அடக்கினேன். துடைத்து, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி, காலில் அந்த ஈரப்பதம் போவதற்குள் மெழுகு தடவுவோம். மாதா சொரூபம் வைத்த கெபியில் எரிந்து முடிந்து, வழித்துப் போடுகிற மெழுகுத் துண்டுகளைக் கோயில் உபதேசியாரிடம் கேட்டு நீதான் டவுசர் பையில் போட்டு வருவாய். தேங்காய் எண்ணெயில் அதைப் போட்டு உருக்கி, ஆறவைத்து, வெடிப்பில் பூசி, ஒரு பழைய சாக்ஸைப் போட்டுக்கொள்வேன். மாதாவுக்கு ஏற்றிய மெழுகு என்பதால் சீக்கிரம் கேட்கும் என்று நீ நம்பினாய். நானும் மறுக்கவில்லை.

உண்மையாகவே கேட்டது. மறுநாள் காலையில் பஸ் படி வலிக்காது. ஆனால் மறுநாள் முழுக்க மொசைக்கில் நின்றால் அந்த மெழுகும் எண்ணெயும் என்ன செய்யும்? அடுத்த செவ்வாய்க்குள் பழையபடி ஆகிவிடும். ஒரு நாள் நீ தேய்ப்பதை நிறுத்திவிட்டு, எரிச்சலோடு கேட்டாய்.

"ஏம்மா, அம்புட்டுப் பெரிய கடையில உக்கார ஒரு ஸ்டூலு கூடவா இல்ல?"

டவுசர் போட்ட வயசில் நீ கேட்டது அது. எத்தனையோ பேர் எத்தனையோ வைத்தியம் சொன்னார்கள். காலில் பூசுகிற வைத்தியத்தை விட்டு, காலுக்கு மேலே இருக்கிற ஆளைப் பார்த்துக் கேட்டது நீ ஒருவன்தான். இன்றைக்கு ஸ்டூல் போடுகிற இடத்தில் நீயே இருக்கிறாய். ஸ்டூல் எங்கே?

இனி அந்தப் பட்டுச் சேலைக் கதை. அப்போது நான் பட்டுப் பகுதிக்கு வந்திருந்தேன். கடையிலே மரியாதையான இடம் அது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையைச் சுற்றி வாடிக்கையாளர்கள் உட்கார, நாங்கள் மெத்தை மேலே நின்று சேலையை விரித்துக் காட்ட வேண்டும். காலுக்கு அந்த மெத்தை எவ்வளவு இதம் தெரியுமா? அங்கேயும் உட்காரக் கூடாது, விரிப்புக் கசங்குமாம். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். கடுகு நிற முகூர்த்தச் சேலை அவர்களுக்குப் பிடித்துப்போனது. நான் முந்தியை விரித்துவிட்டுத் திரும்பும்போது குதிகால் வெடிப்பில் ஒரு இழை மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரியவே இல்லை, அங்கே உணர்வுதான் கிடையாதே. ஒரு அடி நகர்ந்தேன், சேலையில் வரிசையாக நூல் சுருங்கிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் சண்டை போடவில்லை. "ஏனுங்க, இது இழுத்துக்கிச்சுங்களே" என்று சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார்கள். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நான் கட்டியிருந்த சேலையை இறக்கிக் காலை மூட முடிந்த மட்டும் மூடினேன். கல்யாணத்துக்கு எடுக்கிற சேலையில் முதல் சேலையே நூல் இழுத்துவிட்டது என்று வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

முதலாளி எல்லார் முன்னாலும் எங்களைத் திருப்பி நிற்கவைத்துக் குதிகாலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். குதிரைக்கு லாடம் பார்ப்பது போல ஒவ்வொருத்தியாகக் காட்டினோம். வெடிப்பு இருந்தவர்களை எல்லாம் மெத்தையிலிருந்து இறக்கிக் கீழே உள்பாவாடை, லைனிங் துணிப் பக்கம் அனுப்பினார். அங்கே மெத்தை இல்லை, மொசைக் கூட இல்லை, சிமெண்டுத் தரை. யோசித்துப் பார் அப்பு. தரையில் நின்று வந்த வெடிப்புக்குத் தண்டனை, அதைவிடக் கெட்ட தரையில் நிற்பது. இதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் வீட்டுக்குப் போ என்பார்.

மேலே மிச்சம் இருந்தவர்களுக்குப் பயம். அப்போதுதான் டேப்பு வந்தது. செல்வராணி என்று என்னோடு வேலை பார்த்தாள், உனக்கு நினைவிருக்கும், தீபாவளிக்கு உனக்கு முறுக்குக் கொடுத்து அனுப்புவாள். பில் போடும் மேசையில் பெட்டி ஒட்டுகிற டேப்பை எடுத்துக் குதிகாலைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் நூல் மாட்டாது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். நல்ல யோசனை என்று எல்லாரும் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நாளில் என்னையும் திரும்ப மெத்தைக்கு ஏற்றினார்கள். காலையில் ஒட்டினால் வீடு வரும்வரை எடுக்க மாட்டோம். உள்ளே வியர்த்து, தோல் ஊறி, வெளுத்து, நாற்றம் எடுக்கும். நீ தண்ணீர் தொட்டுத் தொட்டு அதை உரிப்பாய். எவ்வளவு மெதுவாக உரித்தாலும் டேப்போடு தோலும் வரும். ஒரு நாள் ரத்தம் வந்தபோது நீ அழுதாய். நான் உன்னைத் திட்டினேன். உன்னைத் திட்டியிருக்கக் கூடாது, திட்ட வேண்டிய ஆள் வேறு.

அந்த வருஷத் தீபாவளிக்கு முதலாளி வீட்டம்மா எங்களுக்கு இனாம் கொடுத்தார்கள். இனிப்புப் பொட்டலத்தோடு ஆளுக்கொரு கால் தேய்க்கிற கல். சுத்தமாக இருக்கிற பெண்களுக்குத்தான் லட்சுமி கடாட்சம் வரும், குளிக்கும்போது சோம்பல் படாமல் குதிகாலைத் தேயுங்கள் என்று புத்திமதி வேறு. எங்களுக்குச் சோம்பலாம். விடிந்ததிலிருந்து நிற்கிறவளுக்குச் சோம்பல் என்று பெயர் வைத்தால் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன பெயர் வைப்பது? கல் நல்ல கல்தான், இன்னும் நம் குளியலறையில் கிடக்கிறது. ஒரு கடைக்குக் கல் வாங்கிக் கொடுக்கத் தோன்றுகிறது, ஸ்டூல் வாங்கிப் போடத் தோன்றவில்லை, அதைத்தான் சொல்கிறேன். காலை இப்படிச் செய்தவர்களே காலைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று சொல்லும்போது கைநீட்டி வாங்கிக்கொண்டு சிரிக்கவும் வேண்டியிருந்தது.

செல்வராணிக்குச் சர்க்கரை இருந்தது. அது அவளுக்கே தெரியாது. அவளுக்கும் கால் ஆணி, சுண்டுவிரல் பக்கம். பட்டுப் பகுதியை விட்டு இறக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் சீக்கிரம் போகிற வைத்தியமாகத் தேடினாள். சுண்ணாம்பையும் துணி துவைக்கிற சோப்பையும் குழைத்து வைத்தால் ஆணி உதிர்ந்துவிடும் என்று யாரோ சொல்ல, வைத்துக்கட்டி, மேலே டேப்பையும் ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அது ஆணியை மட்டுமா தின்னும்? நல்ல தோலையும் அரித்துவிட்டது. அவளுக்கு வலி தெரியவில்லை. புண் கறுத்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரலை எடுத்துவிட்டார்கள். விந்தி விந்தி நடக்கிறவளை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்த முடியாது என்று கடை அவளை எடுத்துக்கொள்ளவில்லை. நான் பார்க்கப் போனபோது, கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேலே நீட்டி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உக்கார எடம் கெடச்சிருச்சுடி எனக்கு."

அப்பு, அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உனக்கும் உன் கடைப் பெண்களுக்கும் சேர்த்துக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கால் ஆணியை யாரும் பிளேடு வைத்துச் செதுக்கக் கூடாது. சுண்ணாம்பு, எருக்கம்பால், எரிக்கிற மருந்து எதுவும் வேண்டாம். சர்க்கரை இருக்கிறவர்கள் வீட்டு வைத்தியமே பார்க்கக் கூடாது, காலில் சின்னக் கீறல் என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், மெல்லத் தேய்ப்பது, ஈரம் காய்வதற்குள் எண்ணெய், அவ்வளவு போதும். உனக்கும்தான். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நீயும் பார்த்துக்கொள். நீ கேட்காமலேயே சொல்கிற புத்திமதி இது. ஆனால் இதெல்லாம் பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி அந்தப் பெண்கள் கையில் இல்லை, உன் கையில் இருக்கிறது.

இதை உன் மாமனாரிடம் பேச நீ தயங்குவாய். அன்றைக்கே நான் ஜாடையாகக் கேட்டேன், இந்தப் பிள்ளைகள் ஆள் இல்லாத நேரத்தில் எங்கே உட்காருவார்கள் என்று. சிரித்துக்கொண்டே, உட்கார்ந்தால் தூக்கம் வரும் சம்பந்தி, பேச்சு வளரும், வருகிறவர்கள் மதிக்க மாட்டார்கள் என்றார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிசாக இல்லை, அவர் தொழிலில் அப்படிப் பழகிவிட்டார். நீ ஆட்டின தலைதான் என்னைச் சுட்டது. கல்லாவில் உனக்குச் சுழல் நாற்காலி போட்டிருக்கிறாய். அதில் உட்கார்ந்து உனக்குத் தூக்கம் வருகிறதா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உட்கார்கிறார், பாங்கியில் காசு கொடுக்கிறவர் உட்கார்கிறார், நம் மாதா கோயிலில் சாமியார்கூடப் பூசையில் பைபிள் வாசகம் நடக்கும்போது உட்கார்ந்துதான் கேட்கிறார். அவர்களுக்கெல்லாம் மரியாதை குறைந்துவிட்டதா? சேலை மடிக்கிறவள் உட்கார்ந்தால் மட்டும் மரியாதை எங்கே ஓடிப்போகிறது? வாடிக்கையாளர் வந்தால் எழுந்திருக்க மாட்டார்களா? அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தானே.

நான் உன்னிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் ஆளுக்கு ஒரு ஸ்டூல். மெத்தை மேலே வெறுங்கால், சரி. கீழே இறங்கினால் காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு, அதைக் கடையே வாங்கிக் கொடுக்கட்டும். சத்தம் வராத செருப்பு நிறைய இருக்கிறது. நின்றே ஆக வேண்டிய இடத்தில் காலுக்கு அடியில் தடித்த விரிப்பு. அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறி. டேப்பு ஒட்டிக்கொண்டவளை வேறு பக்கம் மாற்ற மாட்டேன் என்று அவர்கள் காதில் விழும்படி சொல். ஜெயந்தியிடம் முதலில் சொல், அவள் பயந்துபோயிருக்கிறாள். நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, காட்டிக்கொடுக்கத்தான் எழுதுகிறேன். ஆனால் உன்னிடம் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுடைய காலில் உன்னை உனக்கே காட்டுகிறேன்.

உங்கள் அப்பா இதைப் படித்துவிட்டு, மகன் முதல் முதலாகக் கடை திறக்கிறான், இப்போது போய் வம்பு இழுக்காதே, போனோமா, ரிப்பன் வெட்டினோமா, பிரியாணி சாப்பிட்டோமா, வந்தோமா என்று இருக்கச் சொல்கிறார். பிரியாணி உங்களுக்கு, ரிப்பன் எனக்கா என்று கேட்டேன். அவர் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் பட்டறையில் தட்டித் தட்டி என்னவோ செய்துகொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். பழைய ஸ்டூலுக்கு ஆடாமல் இருக்கக் காலுக்கு ரப்பர் வைத்துக்கொண்டிருந்தார்.

இனி நான் வருவேனா என்பதுதானே உன் கவலை. வருவேன். நீ பிறந்தபோது உனக்காக வேண்டிக்கொண்டவள், உன் கடைக்கு வராமல் எங்கே போவேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். எந்த நல்ல காரியத்துக்கும் நீ என் காலைத் தொட்டுக் கும்பிடுவாய், நான் உன் நெற்றியில் சிலுவை போடுவேன். அன்றைக்கும் எல்லார் முன்னாலும், போட்டோக்காரர் முன்னாலும், நீ குனிவாய். குனிகிறபோது உன் கண்ணுக்கு நேரே என் குதிகால் இருக்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கோடுகள் முழுசாக மறையவில்லை. நீ ஊறவைத்து, தேய்த்து, மெழுகு பூசி, அழுதுகொண்டே டேப்பு உரித்த கால் அது. உன் கடைக்கு வேண்டிய ஆசி ஏதாவது என்னிடம் இருக்கிறதென்றால், அது இந்தக் காலில் நின்று சம்பாதித்ததுதான்.

அதனால் ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் நான் நேராகப் பட்டுப் பகுதிக்குப் போவேன். ஜெயந்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் நானும் உட்கார்ந்து, நீ கொடுக்கிற காப்பியைக் குடிப்பேன். அவள் நின்றுகொண்டிருந்தால், நானும் அவள் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். திறப்பு விழா முடிந்து, கூட்டம் போய், விளக்கு அணைக்கிற வரைக்கும் நிற்பேன். குஷன் நாற்காலி கொண்டுவரச் சொல்லாதே, உட்கார மாட்டேன். அப்போது என் காலைத் தொடவும் வராதே அப்பு. உன் கை படுவதற்கு அதில் இனி இடம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா